பன்னிரண்டாவது இலை

ஐயா, வணக்கம்.

எனக்குத் திருப்பூர். அடுத்த மாதம் கோவையில் சிறப்புத் திருமணச் சட்டத்தின்படி பதிவுத் திருமணம் செய்துகொள்கிறோம். அவர் பாலக்காட்டுக் கிறித்தவர். அறிவிப்புக்குரிய 30 நாள் முடியப்போகிறது. பதிவு முடிந்த கையோடு அவினாசி சாலையில் ஓர் உணவகத்தில் 40 பேருக்கு மதிய விருந்து. தலைக்கு இவ்வளவு என்று பேசிவிட்டோம். இலை போடுவதா, பஃபே வைப்பதா? மொய் வேண்டாமென்று அழைப்பிதழில் அச்சடிக்கலாமா? ஒரு சீரும் சடங்கும் இல்லாமல் இதென்ன கல்யாணம் என்று அம்மா அழுகிறார். குறை வராமல் நடத்த வழி சொல்லுங்கள்.

ச.
(கடிதம் சுருக்கப்பட்டுள்ளது)

அன்புள்ள ச.,

கடவுச்சீட்டைப் புதுப்பிப்பதற்காக எங்கள் திருமணச் சான்றிதழைத் தேடி எடுத்து மேசைமேல் வைத்திருந்த நாளில் உங்கள் கடிதம் வந்தது. 1989-இல் ஈரோட்டில் இதே சட்டத்தின்கீழ் மணம் செய்துகொண்டவன் நான். அந்தத் தாளின் அடியில் இருக்கும் மூன்றாவது சாட்சியின் கையெழுத்தைப் பார்க்க இன்றும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது. காரணத்துக்குப் பிறகு வருகிறேன்.

இலையா, பஃபேயா என்பதெல்லாம் உங்கள் விருப்பம். ஒப்புட்டு, அதாவது போளி, நன்றாகப் போடுகிற கை அங்கே இருந்தால் நெய்யோடு கேட்டு வாங்குங்கள். இல்லையென்றால் அந்தப் பெயரில் வேறெதையும் பரிமாற விடாதீர்கள். மொய்யைப் பற்றி உங்கள் தந்தையாரிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா? அவர் இத்தனை ஆண்டுகளாக ஊர் ஊராகப் போய் எழுதிய மொய் அவர் மகளின் கல்யாணத்தில்தான் திரும்பி வரவேண்டும். அதை வேண்டாமென்று சொல்லும் உரிமை அவருக்கு உண்டு, உங்களுக்கு இல்லை. பதிவு அலுவலகத்தில் உங்கள் முறை எப்போது வரும் என்பது உங்கள் கையில் இல்லாதபோது, 12.30 மணிக்கு இலை போடச் சொல்வதும் புத்திசாலித்தனமாகத் தெரியவில்லை. விருந்தை மாலைக்கு மாற்றுங்கள். அலுவலகத்துக்கு வெளியே, நியாயமான தொலைவுக்குள் வேறோர் இடத்திலும் கூடுதல் கட்டணம் செலுத்தித் திருமணத்தை நடத்திக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. அதிகாரி இடம் தருவாரா என்பதை நேரில் போய்க் கேளுங்கள்.

இனி உங்கள் அம்மாவின் அழுகைக்கு வருவோம். அதை நீங்கள் ஒரே வரியில் எழுதிக் கடந்துவிட்டீர்கள். ஆனால் 'தலைக்கு' என்ற சொல் உங்கள் முழுக் கடிதத்தில் ஒன்பது இடங்களில் இருக்கிறது. எண்ணிப் பார்த்தேன், அம்மிணி. நம் கொங்குப் பக்கத்துக் கல்யாணத்தில் அருமைக்காரர் முன்னின்று சீர்களை நடத்துவார், குடிமகன் எனப்படும் நாவிதர் மங்கல வாழ்த்துப் பாடுவார், மணமகனின் உடன்பிறந்தாளுக்கு இணைச்சீர் உண்டு, மாமனுக்கு ஒரு வேலை, பங்காளிக்கு ஒரு வேலை. அதில் சாதியின் அடுக்கும் இருந்தது என்பதால்தான் நான் அதிலிருந்து வெளியே வந்தேன். அதற்காக இன்றும் வருந்தவில்லை. ஆனால் வந்தவர் ஒவ்வொருவருக்கும் அந்த வீட்டில் ஏதோவொரு பொறுப்பு இருந்ததே, அதையும் சேர்த்தல்லவா நாங்கள் விட்டுவிட்டோம்? உணவகத்தில் விருந்து வைக்கும்போது உங்கள் பெரியம்மாவும் மாப்பிள்ளை வீட்டுப் பெரியவரான அப்பச்சனும் மேசை எண் பார்த்து உட்கார்ந்து, சீருடை அணிந்த பையன் வைப்பதைத் தின்று, கை கழுவிவிட்டு நிற்பார்கள். உங்கள் அம்மா சீரைக் கேட்டு அழுவதாக எனக்குத் தோன்றவில்லை. மகள் கல்யாணத்தில் தனக்கு ஒரு வேலையும் இல்லையே என்றுதான் அழுகிறார்.

ஆகவே பந்தி விசாரிக்க ஆள் போடுங்கள். உணவகத்தின் மேலாளர் அதற்கு ஆகமாட்டார். உங்கள் அம்மாவும் பாலக்காட்டு அம்மாவும் சேர்ந்து நிற்கட்டும். ஒருவருக்குத் தமிழும் மற்றவருக்கு மலையாளமும்தான் வரும் என்றால் இன்னும் நல்லது. 40 பேரில் யார் சர்க்கரை நோய்க்காரர், யார் புளிக்குழம்பு தொடமாட்டார், யார் கேட்காமலே எழுந்து போய்விடும் கூச்சக்காரர் என்பதையெல்லாம் அறிந்தவர் நின்று, “இன்னொரு கரண்டி வெச்சுக்கோங்க” என்று சொல்லவேண்டும். ஆயிரம் பேர் கூடும் மண்டபத்தில் ஒருவரை விசாரிக்க மறந்தால் கூட்டத்தின்மேல் பழி போய்விடும். 40 பேரில் ஒருவரை விட்டால் அது உங்கள் தலையில்தான் விழும்.

எங்களுக்குப் பதினொரு பேரிலேயே அது நடந்தது. இந்தச் சட்டத்துக்கு மூன்று சாட்சிகள் வேண்டும். உறுதிமொழியில் அவர்களும் கையெழுத்திட வேண்டும், அவர்கள் முன்னிலையில்தான் இருவரும் ஒருவரையொருவர் ஏற்றுக்கொள்வதாகச் சொல்லவேண்டும். மூன்றாவதாக வரவேண்டிய நண்பர் தாராபுரத்திலிருந்து பேருந்தில் வந்துகொண்டிருந்தார், வந்து சேரவில்லை. எழுத்தர் பொறுமையிழந்து எங்கள் தாளை ஒதுக்கி வைக்கப்போனபோது, தாழ்வாரத்தில் பலகை போட்டு உட்கார்ந்திருந்த பத்திர எழுத்தர் ஒருவர், பெரியவர், தானாகவே எழுந்து வந்து கையெழுத்திட்டார். “நல்லா இருங்க” என்று சொல்லிவிட்டுத் தன் பலகைக்குத் திரும்பிவிட்டார். நாங்கள் பதினொரு பேரும் பக்கத்துத் தெரு மெஸ்ஸுக்குப் போனோம். வராத நண்பருக்காக நானே சொல்லிப் பன்னிரண்டாவது இலை போடச் செய்தேன். தண்ணீர் தெளித்து, உப்பு மட்டும் வைத்த நிலையில் கடைசிவரை அது அப்படியே கிடந்து, பரிமாறியவர் மடித்து எடுத்துப் போனார். என் மனைவிக்கு அன்று இரவுதான் உறைத்தது: “அந்தப் பெரியவரை யாருமே சாப்பிடக் கூப்பிடலையே!” வழிப்போக்கனைக்கூடச் சாப்பிட்டுவிட்டுப் போகச் சொல்லும் ஊரில் பிறந்த பதினொரு பேர் அங்கே இருந்தோம்.

இரண்டு வாரம் கழித்து ஒப்புட்டுப் பொட்டலத்தோடு போய் அவர் பலகைக்கு முன்னால் நின்றேன். கண்ணாடியை உயர்த்திப் பார்த்தார். என்னை அவருக்குச் சுத்தமாக நினைவில்லை. “கையெழுத்துப் போட்டீங்களே, அன்னைக்கு” என்று இழுத்தேன். பொட்டலத்தை வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டு, மிகுந்த அக்கறையோடு கேட்டார்: “எந்தக் கிரயமுங்க, தம்பி?”