'வெறும்' துணை நடிகரா?

கேள்வி: என் தம்பி ஓர் ஆவணப்படம் எடுத்துக்கொண்டிருக்கிறான். ஐம்பது வருஷத்துக்கு மேல் சினிமாவில் இருக்கும் ஒரு மூத்த நடிகரின் வாழ்க்கை. கதாநாயகன் இல்லை, அப்பா, பண்ணையார், வக்கீல், டாக்டர் என்று நடித்தவர். "வெறும் துணை நடிகருக்கு ஒன்றரை மணி நேரப் படமா?" என்று வீட்டிலேயே கேட்கிறார்கள். இதையெல்லாம் யார் பார்ப்பார்கள்? அவருடைய சொந்த வாழ்க்கைக் கஷ்டங்களையும் காட்டலாமா?
— ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: அந்த 'வெறும்' உங்கள் வீட்டில் யார் வாயிலிருந்து வந்ததோ, அவரை முதலில் 'காதலிக்க நேரமில்லை' பார்க்கச் சொல்லுங்கள், சகோதரி. முழுப் படம்கூட வேண்டாம். நாகேஷ், டி.எஸ்.பாலையாவுக்குப் பேய்க் கதை சொல்லும் அந்த ஒரு காட்சி போதும்.

பேச்சு முழுக்க நாகேஷுக்கு. பாலையாவுக்கு அங்கே வேலை, கேட்பது மட்டும்தான். பையன் சினிமா எடுக்கிறேன் என்று அலைவது பிடிக்காத அப்பா அவர்; அசிரத்தையாகத்தான் உட்காருகிறார். கதை நகர நகரக் கண் ஒரே இடத்தில் நிலைக்கிறது. வாய் தானாகத் திறக்கிறது. உடம்பு கொஞ்சம் கொஞ்சமாக ஒடுங்குகிறது. கவனித்துப் பாருங்கள்: நாகேஷ் சொல்லும் கதையில் சிரிக்க ஒன்றும் இல்லை, அது பயங்கரக் கதை. அந்தப் பெரிய மனுஷர் நிஜமாகவே பயப்படுகிறாரே, அதற்குத்தான் தியேட்டர் சிரித்தது. அவர் நம்பாவிட்டால் காட்சியே கிடையாது. நாகேஷ் எவ்வளவு பிரமாதமாகச் செய்திருந்தாலும் காற்றில் போயிருக்கும். எதிரில் இருப்பவரின் நடிப்பைத் தாங்கிப் பிடிப்பவருக்கு நாம் வைத்திருக்கும் பெயர்தான் துணை நடிகர். அதற்கு முன்னால் ஒரு 'வெறும்' வேறு!

பாலையா 1936ல் 'சதி லீலாவதி'யில் வந்தவர். எம்.ஜி.ஆருக்கும் அதுதான் முதல் படம். அங்கிருந்து 'திருவிளையாடல்' ஹேமநாத பாகவதர், 'தில்லானா மோகனாம்பாள்' தவில்காரர் முத்துராக்கு வரைக்கும் வாருங்கள். 'ஒருநாள் போதுமா' பாட்டில் குரல் பாலமுரளிகிருஷ்ணாவுடையது. ஆனால் அந்தக் குரலுக்குரிய கர்வம், சபையை ஒரு சுற்றுப் பார்க்கும் பார்வை, தனக்குச் சமமாக யாரும் இல்லை என்று உட்கார்ந்திருக்கும் தோரணை எல்லாம் பாலையாவுடையவை. இதை எங்கே கற்றார்? எந்த வித்வானைப் பார்த்து மனத்தில் வாங்கினார்? இன்னொருவர் பாட்டின் சங்கதியோடு உதட்டையும் மூச்சையும் சேர்ப்பதற்கு எப்படிப் பழகினார்? இன்றைக்கு யாரிடம் போய்க் கேட்பது?

பாலையா 1972ல் காலமானார். சந்திரபாபு 1974ல். எஸ்.வி.ரங்காராவும் அதே 1974ல். சென்னையில் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியது 1975 ஆகஸ்ட் 15ம் தேதி. இந்தத் தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், வயிறு எரியும். ஒரு வருஷம், மூன்று வருஷம்! பேட்டி எடுக்க ஒரு கேமரா ஊருக்குள் வருவதற்குள் மூன்று பேரும் போய்விட்டார்கள். அந்தத் தலைமுறைக்காவது இப்படி ஒரு காரணம் உண்டு. இப்போது ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் கேமரா இருக்கிறது. உங்கள் தம்பி அதைச் சரியான ஆள்மேல் திருப்பியிருக்கிறார். அவரைப் போய் ஏன் என்று கேட்கலாமா?

சரி, பேட்டிதான் இப்போது நிறைய வருகிறதே என்பீர்கள். வருகிறது. என்ன கேட்கிறார்கள்? எம்.ஜி.ஆர். எப்படிப் பழகுவார், சிவாஜி செட்டில் கோபப்படுவாரா, இன்றைய நடிகர்களில் உங்களுக்கு யாரைப் பிடிக்கும். எண்பது வயது மனிதரை எதிரில் உட்காரவைத்துக்கொண்டு அடுத்தவரைப் பற்றியே விசாரிக்கிறார்கள். இந்தக் கோபம் எனக்கு இன்று நேற்று வந்ததல்ல. குணச்சித்திர நடிகர் ஒருவரின் படத்தை நம் பத்திரிகை அட்டையில் போட வேண்டும் என்று நான் சொன்னபோது, "போட்டால் புத்தகம் விற்காது" என்று சொன்னவருக்கும் எனக்கும் பல வருஷச் சண்டை. அவர் சொன்னதை நான் அன்றும் ஏற்கவில்லை, இன்றும் ஏற்கவில்லை. உங்கள் தம்பி படம் முடிக்கட்டும். அந்த நடிகரின் முகம் நம் அட்டையில் வரும்.

அவரிடம் தொழிலைப் பற்றிக் கேளுங்கள். நாடக மேடையில் கடைசி வரிசை வரைக்கும் குரல் போக வேண்டும். கேமரா மூன்றடித் தூரத்தில் நின்றால் அதே ஆள் எதைக் குறைத்தார், எதை விட்டார்? வசனத்தை யாராவது படிக்கக் கேட்டு மனப்பாடம் செய்தாரா, எழுதிப் பார்த்தா? கிளிசரின் இல்லாமல் அழ வருமா? தன் ஷாட் இல்லாதபோது வீட்டுக்குப் போனாரா, செட்டிலேயே உட்கார்ந்து அடுத்தவர் நடிப்பதைப் பார்த்தாரா? டெல்லி கணேஷை எடுத்துக்கொள்ளுங்கள். வல்லநாட்டுக்காரர். விமானப் படையில் வேலை பார்த்துவிட்டு நாடகத்துக்கு வந்தவர். 1977ல் 'பட்டினப் பிரவேசம்' முதல் படம். 1990ல் 'மைக்கேல் மதன காமராஜ'னில் பாலக்காட்டு சமையல்காரராக வந்து அந்தத் தமிழை என்னமாய்ப் பேசினார்! நெல்லைச் சீமையில் பிறந்த நாக்கு அந்த இழுப்பை எப்படிப் பிடித்தது? ஒரு நடிகரின் வாழ்க்கைப் படம் என்றால் இதற்கே அரை மணி நேரம் கொடுக்கலாம். 2024 நவம்பரில் அவரும் போய்விட்டார்.

கலைஞர்களைப் படம் பிடித்து வைப்பது நம் அரசாங்கத்துக்குப் புதிய விஷயம் இல்லை. பரதநாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதியைப் பற்றி சத்யஜித் ராய் எடுத்த 'பாலா', 1976ல் வந்தது. அதற்குப் பணம் போட்டவர்களில் தமிழ்நாடு அரசும் உண்டு. கடற்கரைக் காற்றில் புடவை பறக்க அந்த அம்மாள் 'கிருஷ்ணா நீ பேகனே' ஆடுவதை இன்றைக்கும் நாம் பார்க்க முடிகிறதென்றால் அந்தப் பணத்தால்தான். நாட்டியத்துக்குச் செய்ததை நடிப்புக்கும் செய்யலாமே? சிலையும் மணிமண்டபமும் வைக்கட்டும், நல்லதுதான். ஆனால் சிலை பேசாது. வருஷத்துக்கு நான்கு மூத்த நடிகர்களை உட்காரவைத்துப் பேச்சைப் பதிவு செய்யும் செலவு, ஒரு மண்டபத்தின் சுற்றுச்சுவருக்குக்கூட வராது.

படப் பிரதிகளைப் பற்றி இந்தப் பக்கத்தில் நான் எழுதாத வருஷம் இல்லை. மறுபடியும் எழுதுகிறேன். தமிழின் முதல் பேசும் படம் 'காளிதாஸ்', 1931. அதற்கு ஒரு பிரதிகூட மிச்சமில்லை. அதன் நாயகி டி.பி.ராஜலட்சுமி, பின்னால் படம் இயக்கவும் செய்தவர். திரையில் அவர் முதன்முதலாகப் பேசியதை இனி யாராலும் கேட்க முடியாது. பழைய ஃபிலிமில் இருக்கும் வெள்ளிக்காக எடைக்குப் போட்டு உருக்கினார்கள். மிச்சம் இருந்தது கோடவுன் புழுக்கத்தில் புளித்து நாறிச் சுருண்டது. உங்கள் தம்பியும் இந்தச் சுவரில் முட்டிக்கொள்ளப் போகிறார். அந்த நடிகரின் பழைய காட்சி வேண்டும் என்று தேடுவார்; நெகடிவ் எங்கே, உரிமை யாரிடம் என்று தெரியாது. தயாரிப்பாளர் இருக்கமாட்டார், பிள்ளைகள் மூன்று பேருக்கு விற்றிருப்பார்கள். கடைசியில் சுவரில் தொங்கும் போட்டோவைக் காட்டிப் படத்தை ஒப்பேற்றவேண்டி வரும்.

அதற்கு ஒரு வழி சொல்கிறேன், குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். நம் நாட்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் திரைப்படத்துக்கு 60 ஆண்டுதான். படம் வெளிவந்த வருஷம் முடிந்து, அடுத்த ஜனவரியிலிருந்து கணக்கு. 1964ல் வந்த படத்துக்கு 2024 டிசம்பரோடு முடிந்தது. ஆனால் பாட்டு வரி, இசை, கதை, வசனம் இவற்றுக்குத் தனிக் கணக்கு: எழுதியவரின் ஆயுள், அப்புறம் 60 ஆண்டு. அதனால் பாட்டுக் காட்சியில் கை வைக்கும் முன் நல்ல வக்கீலைப் பாருங்கள். விமர்சனத்துக்காகச் சிறு பகுதியை எடுத்தாளவும் சட்டம் இடம் கொடுக்கிறது. நடிப்பை விளக்கும் இடத்தில் அந்த ஒரு நிமிஷக் காட்சியை வைப்பதற்கு நியாயம் உண்டு. சும்மா அலங்காரத்துக்கு வைத்தால் கிடையாது.

சொந்த வாழ்க்கைக் கஷ்டத்தைக் கேட்டீர்கள். அவராகச் சொன்னால் எடுங்கள். கடன், மார்க்கெட் போன காலம், வராத சம்பளப் பாக்கி இதெல்லாம் தொழிலோடு சேர்ந்த கஷ்டம், வரவேண்டும். வீட்டுக்குள் நடந்ததைத் தோண்ட வேண்டாம். முக்கியமாக, சோக இசை போட்டு அவரைப் பரிதாபமாக்க வேண்டாம். ஐம்பது வருஷம் உழைத்தவர், இரக்கம் கேட்டு உங்கள் தம்பியிடம் வரவில்லை.

யார் பார்ப்பார்கள் என்றால், முதல் மாதம் கொஞ்சம் பேர்தான். நடிக்க வருகிற பிள்ளைகள் பத்து வருஷம் கழித்தும் தேடிப் பார்ப்பார்கள்.

கடைசியாக ஒன்று. ஒன்றரை மணி நேரப் படத்துக்காக அவர் பத்து மணி நேரம் பேசியிருப்பார். வெட்டியது போக மிச்சத்தை அழித்துவிடாதீர்கள். முழுப் பேச்சையும் இரண்டு ஹார்ட் டிஸ்கில் வைத்து, இரண்டையும் வேறு வேறு வீட்டில் வையுங்கள். ஒவ்வொன்றின் மேலும் தேதி, இடம், எந்தப் படத்தைப் பற்றிப் பேசினார் என்று தாளில் எழுதி ஒட்டுங்கள். இதை இந்த வாரமே செய்யச் சொல்லுங்கள்.