16 வயதில் இங்கிலாந்து போர்டிங் பள்ளிக்கு அனுப்பலாமா?

பத்தாவது முடிக்கும் மகளை ஏ லெவல் (நம்ம ஊர் பிளஸ் ஒன், பிளஸ் டூ மாதிரி) படிக்க இங்கிலாந்துக்கு அனுப்பலாமா என்று மன்னார்குடியிலிருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறார்.

அனுப்பலாம். ஆனால் விசாவுக்கு முன்னால் கார்டியன், அதாவது அங்கே உங்கள் இடத்தில் இருந்து பிள்ளையைப் பார்த்துக்கொள்பவர், யார் என்பதை முடிவு செய்யுங்கள். 4 முதல் 17 வயது வரை சைல்ட் ஸ்டூடண்ட் விசா. அதில் தனியார் பள்ளியில்தான் சேர முடியும், பெற்றோரின் எழுத்துச் சம்மதமும் வேண்டும். அதெல்லாம் காகித வேலை, நடந்துவிடும்.

அக்டோபர், பிப்ரவரி, மே மாதங்களில் நடுவே விடுமுறை வரும். அப்போது பல விடுதிகளைப் பூட்டிவிடுவார்கள். பிள்ளை எங்கே தங்கும்? நான் கும்பகோணம் பக்கத்திலிருந்து 16 வயதில் போனவள். முதல் அக்டோபரில், அதுவரை முகம்கூடப் பார்க்காத தூரத்துச் சொந்தக்காரர் வீட்டில் ஏழு நாள் பேச்சுத்துணை இல்லாமல் கிடந்தேன். குளிரைவிட அதுதான் வலித்தது. அதனால், தங்கப்போகும் வீட்டாரோடு மகளை இப்போதே நாலைந்து முறை வீடியோவில் பேச விடுங்கள்.

அப்புறம், 2025 ஜனவரி முதல் தனியார் பள்ளிக் கட்டணத்துக்கு 20 சதவீத வாட் வரி உண்டு. சொல்லும் தொகையில் அது அடக்கமா என்று கேளுங்கள்.

பொங்கல் சமயத்தில் பள்ளி நடக்கும், வர முடியாது. ஆடிப்பெருக்கு அந்த ஊர்க் கோடை விடுமுறையில் வரும். அன்று உங்களோடு ஆற்றங்கரையில் இருப்பாள்.