மேலறைச் சாப்பாடு

கேள்வி: லண்டனில் முதியோர் இல்லமொன்றில் பதினொரு ஆண்டுகளாக இரவு வேலை செய்கிறேன். பிள்ளைகள் இருவரும் படிக்கப் போய்விட்டதால் மேலே இரண்டு அறைகள் சும்மா கிடக்கின்றன. ‘ஷேர்ட் லைவ்ஸ்’ திட்டத்தில் சேர்ந்து, கற்றல் குறைபாடுள்ள ஒருவரை வீட்டோடு வைத்துப் பராமரிக்க விரும்புகிறேன். அனுமதி கிடைக்க எவ்வளவு காலமாகும்? வரி கட்ட வேண்டுமா? ஞாயிற்றுக்கிழமைகளில் சொந்தக்காரர்கள் வந்தால், நாங்கள் பராமரிப்பவருக்கு மேலேயே சாப்பாடு கொடுத்துவிடலாம் என்பதால் வீட்டில் பிரச்சினை வராது.

பதில்: சகோதரி, கேட்டவற்றை முதலில் முடித்துவிடுகிறேன். திட்டத்தை நடத்துபவர்கள் வீட்டுக்குப் பலமுறை வந்து, உங்களோடு உங்கள் கணவரையும் விசாரித்து, குற்றப் பதிவுச் சோதனையும் பயிற்சியும் முடிந்தபின் ஒரு குழுவின் முன் வைத்தே ஒப்புதல் தருவார்கள். சில மாதங்கள் பிடிக்கும். நீங்கள் சுயதொழில் செய்பவராகக் கருதப்படுவீர்கள். 2023-24 வரியாண்டில் இந்த வருமானத்தில் வீட்டுக்கு ஆண்டுக்கு 18,140 பவுண்டும், அதோடு பராமரிக்கப்படும் ஒருவருக்கு வாரம் 450 பவுண்டும் சேர்ந்த அளவு வரை வரி இல்லாமல் இருந்தது. பிறகு அதுவும் கூடியிருக்கிறது. ஆகவே ஒருவரை வைத்திருக்கும் பெரும்பாலோருக்கு வருமான வரி வருவதில்லை.

வரியைப் பற்றி இத்தனை கவலைப்பட்ட நீங்கள், கடிதத்தின் கடைசி வரியைக் கவலையே இல்லாமல் எழுதியிருக்கிறீர்கள். யாருடைய பிரச்சினை வராது? பெண் பார்க்க வந்தவர்களின் கண்ணில் பட்டுவிடக் கூடாதென்று, மணப்பெண்ணின் கற்றல் குறைபாடுள்ள அண்ணனைப் பின்னறையில் வைத்துக் கதவைச் சாத்திய வீடுகளை நான் ஊரில் பார்த்திருக்கிறேன். அந்தப் பின்னறையைத்தான் நீங்கள் கடல் கடந்து கொண்டுவந்து மேலறையாக்கப் பார்க்கிறீர்கள். நம் பெரியவர்கள் இதற்குப் பந்தி வஞ்சனை என்று பேர் வைத்திருந்தார்கள். ஒரே பந்தியில் ஒருவருக்குக் குறைத்துப் பரிமாறுவதையே பாவம் என்றவர்கள், பந்தியிலேயே இடம் கொடுக்காததை என்னவென்று சொல்லியிருப்பார்கள்?

இரவு வேலையில் பழகிய பழக்கமும் உங்களைத் தவறான பக்கம் இழுக்கிறதோ என்று தோன்றுகிறது. அங்கே தட்டை அறைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தால் வேலை முடிந்தது. இந்தத் திட்டத்தில் அவர் நோயாளியும் அல்லர், விருந்தாளியும் அல்லர். வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் தம் கொடுப்பனவிலிருந்து பங்கு செலுத்தி, உங்கள் வீட்டைத் தம் வீடாக்கிக்கொண்டு வாழ வருகிறவர். தம் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை எங்கே உட்கார்ந்து சாப்பிடுவதென்று அவருக்குச் சொல்ல நீங்கள் யார்? கூட்டமும் சத்தமும் பிடிக்காமல் அவரே மேலே போக விரும்பினால் அது வேறு விஷயம், அப்போது தட்டோடு நீங்களும் ஒரு முறை ஏறிப் பாருங்கள்.

இன்னொன்று, அவரும் உங்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும். முதலில் ஒரு தேநீருக்கு வருவார், பிறகு ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு, பிறகு ஓரிரவு தங்கிப் பார்க்க. பேசத் தெரியாதவர்கூட, தாம் அந்த மேசைக்கு வேண்டியவரா இல்லையா என்பதை அந்த ஒரு வேளையிலேயே கண்டுகொள்வார்.

எனவே இந்தத் திட்டத்துக்காக உள்ளூர் கவுன்சிலுக்கு இப்போது தொலைபேசி எடுக்க வேண்டாம். வருகிற ஞாயிற்றுக்கிழமை, சோறு பரிமாறும்போதே, இப்படி ஒருவர் நம்மோடு இருக்கப் போகிறார், இதே மேசையில்தான் சாப்பிடுவார் என்று சொந்தக்காரர்களிடம் சொல்லுங்கள். யாராவது முகம் சுளித்தால், அடுத்த ஞாயிறு அவர்கள் வராவிட்டால் உங்களுக்கு வலிக்குமா என்று யோசியுங்கள். வலிக்கும் என்றால் அந்த அறைகள் சும்மாவே கிடக்கட்டும்.