அண்ணா, இன்னிக்கி ராத்திரி கையெழுத்துப் போடாதீங்க

வணக்கம்ண்ணா. உங்க வாய்ஸ் நோட் மூணையும் கேட்டேன், மொத்தம் பதினோரு நிமிஷம், பின்னால தறிச் சத்தம் வேற, ரெண்டு தடவ திருப்பிப் போட்டுத்தான் புரிஞ்சுது. விஷயம் இதானே, உங்க பொண்ணு, நம்ம பாப்பா, பிஎஸ்சி மேத்ஸ் முடிக்கப் போறா, ஒரு கம்பெனிலருந்து ஒரு வாரமா போன் மேல போன், டேட்டா சயின்ஸும் ஏஐயும் சேர்த்து பத்து மாச ஆன்லைன் கோர்ஸ், 1,80,000 ரூபாய், கையில காசு இல்லேன்னா ஈஎம்ஐ, முடிச்சா வேலை கேரண்டி, அதுலயும் இன்னிக்கி ராத்திரி 12 மணிக்குள்ள சேர்ந்தா 40,000 தள்ளுபடி. சேர்க்கலாமா வேண்டாமா?

இன்னிக்கி வேண்டாம்ண்ணா. நாளைக்கும் வேண்டாம். ஒரு மூணு மாசம் கழிச்சு நானே சேர்க்கச் சொன்னாலும் சொல்லுவேன், அது வேற கதை, கீழ வரேன்.

மொதல்ல அந்த 12 மணி. ரெக்கார்ட் பண்ணி வெச்ச வீடியோவுக்கு ஏதுண்ணா சீட்டு தீந்து போறது? நாளைக்கி காலைல போன் பண்ணாலும் அதே தள்ளுபடி இருக்கும், "மேனேஜர்கிட்ட ஸ்பெஷலா பேசி வாங்கிட்டேன் சார்"னு சொல்லுவாங்க. போன் பண்ற பையன்மேல கோவப்படாதீங்க, அவனும் நம்ம பாப்பா வயசுதான், மாசக் கடைசில அவனுக்கும் டார்கெட்.

அப்புறம் ஈஎம்ஐ. இத கவனமா கேளுங்க. ஈஎம்ஐனு சொன்னா ஏதோ காலேஜ் பீஸ தவணையா கட்டற மாதிரி தோணுது, பெரும்பாலும் அது அப்படி இல்ல. உங்க பான் கார்டு, ஆதார் வாங்கி ஒரு பைனான்ஸ் கம்பெனில உங்க பேர்ல லோன் போட்டு, மொத்தக் காசையும் கோர்ஸ் கம்பெனி அன்னிக்கே வாங்கிக்கும், அதுக்கப்புறம் கிளாஸ் நடக்குதோ இல்லையோ, வாத்தியார் வந்தாரோ வரலையோ, மாசாமாசம் நீங்க பைனான்ஸ்காரனுக்குக் கட்டணும். ரெண்டு வருஷம் முன்னாடி என்கிட்ட ஒரு பையன் யோசனை கேட்டு வந்தான், பாதி கோர்ஸ்ல சொல்லித் தர்ற மென்டார் காணாமப் போய்ட்டாரு, கஸ்டமர் கேர்ல எவனும் எடுக்கல, கோவத்துல அவங்க வீட்ல தவணைய நிறுத்திட்டாங்க, கடன ஒழுங்கா கட்டறோமான்னு காட்டற சிபில் ஸ்கோர் இறங்கி அவங்கப்பா ஆட்டோ லோனுக்குப் போனப்ப பேங்க்ல மூஞ்சியத் திருப்பிட்டாங்க. நாளைக்கி நீங்க ரெண்டு தறி சேர்க்க லோன் கேட்டுப் போவீங்க இல்ல, அதுக்குச் சொல்றேன். ரிசர்வ் பேங்க் 2022ல டிஜிட்டல் கடனுக்குப் போட்ட விதிப்படி, கையெழுத்துக்கு முன்னாடியே வருஷ வட்டி மொத்தமா எவ்ளோன்னு ஒரு விவரத்தாள் தரணும், வாங்கின அப்புறம் வேண்டாம்னு தோணினா அபராதம் இல்லாம அசலையும் அதுவரைக்குமான வட்டியையும் கட்டிட்டு வெளிய வர கொஞ்ச நாள் அவகாசமும் தரணும். எத்தன நாள்ங்கறது அந்தத் தாள்லயே இருக்கும். "வட்டியே இல்ல சார்"னு சொன்னாலும் அந்தத் தாள கேளுங்க.

வேலை கேரண்டினு போன்ல சொல்லுவாங்க, ஒப்பந்தத்துல தேடினா "உதவி"னு இருக்கும். கேரண்டினே எழுதியிருந்தாலும் கூடவே வால் இருக்கும், இத்தன சதம் அட்டெண்டன்ஸ், எல்லா டெஸ்ட்லயும் இத்தன மார்க், எந்த ஊருக்கும் போகணும், வர்ற முதல் ஆஃபர மறுக்கக் கூடாது, அதுல ஒண்ணு தவறினாலும் கேரண்டி போச்சு. அந்த ஒப்பந்தத்த வாட்ஸப்ல அனுப்பச் சொல்லுங்கண்ணா, அனுப்பலேன்னா உங்களுக்கு பதில் கெடச்சுருச்சு.

இப்போ விஷயத்துக்கு வரேன். பாடம்ங்கறது எப்பவோ இலவசம் ஆயிடுச்சு. அமெரிக்கால எம்ஐடி தன் பாடக் குறிப்பையெல்லாம் நெட்ல சும்மா குடுக்கப் போறேன்னு அறிவிச்சது 2001ல, நம்ம ஐஐடிகளும் பெங்களூர் ஐஐஎஸ்சியும் சேர்ந்து என்பிடெல்ங்கற இலவச ஆன்லைன் பாடத் திட்டத்த ஆரம்பிச்சது 2003ல, கோர்ஸெராங்கற ஆன்லைன் கோர்ஸ் சைட் வந்தது 2012ல. பாப்பாவுக்கு வேண்டிய பைத்தான்ங்கற கோட் எழுதற மொழி, ஸ்டாட்டிஸ்டிக்ஸ், மெஷின் லேர்னிங் எல்லாம் யூடியூப்ல ஐஐடி புரபசரே நடத்தி கெடக்கு. அப்ப எல்லாரும் படிச்சு முடிச்சிருக்கணுமே? எம்ஐடியும் ஹார்வர்டும் நடத்தின இலவச ஆன்லைன் கோர்ஸ்கள எடுத்து அலசி 2019ல ஒரு ஆய்வு வந்துச்சு, சேர்ந்தவங்கள்ல நூத்துக்கு மூணு பேர்தான் முடிச்சிருக்காங்க. காசு கட்டி சர்ட்டிபிகேட்டுக்குப் பதிஞ்சவங்கள்லயே பாதிக்கு மேல முடிக்கல. இதான்ண்ணா ஆன்லைன் படிப்போட உண்மையான சிக்கல். ராத்திரி எட்டு மணிக்கு, யாரும் கேக்காதப்ப, போன்ல ரீல்ஸ் ஓடிட்டு இருக்கறப்ப, உக்காந்து அசைன்மென்ட் போடற பழக்கம் பாப்பாகிட்ட இருக்கான்னு எனக்கும் தெரியாது உங்களுக்கும் தெரியாது, பாப்பாவுக்கே தெரியாது. நீங்க பழைய தறி வாங்கறப்ப ஒரு நாள் ஓட்டிப் பாக்காம வாங்குவீங்களா? அத 1,80,000 குடுத்துப் பாக்க வேண்டாம், 1,000 ரூபாய்ல பாக்கலாம்.

எப்படின்னா, என்பிடெல்ல ஜனவரி, ஜூலைன்னு ரெண்டு பருவம். வர்ற ஜூலைல ஒரே ஒரு 12 வாரக் கோர்ஸ் எடுக்கச் சொல்லுங்க, ரெண்டு வேண்டாம், ஆசப்பட்டு நாலு போடுவா, விடாதீங்க. சேர்றதுக்கும் படிக்கறதுக்கும் காசு இல்ல, கடைசில பரீட்சை எழுதத்தான் 1,000 ரூபாய். வாராவாரம் அசைன்மென்ட், தேதி தாண்டினா பூட்டிருவாங்க, பரீட்சை சென்டருக்கு நேர்ல போய் உக்காந்து எழுதணும். அசைன்மென்ட்டுக்கு 25, பரீட்சைக்கு 75, பாஸ் ஆக 25ல 10ம் 75ல 30ம் வேணும். நெறைய பாடத்துக்குத் தமிழ்லயும் மொழிபெயர்ப்பு இருக்கு, இங்கிலீஷ் பயம் இருந்தா அது உதவும். மூணாவது வாரமே விட்டுட்டான்னா உங்களுக்கு ஒண்ணேமுக்கா லட்சத்துக்கு மேல மிச்சம், சந்தோஷமா இருங்க, அவள திட்டாதீங்க, நேர்ல போற எம்எஸ்சியோ பிஎட்டோ அவளுக்கு ஒத்து வரும்னு அர்த்தம். முடிச்சிட்டான்னா அடுத்தத யோசிப்போம். இன்னொண்ணு, தமிழ்நாடு அரசோட நான் முதல்வன் திட்டம் 2022 மார்ச் 1ல ஆரம்பிச்சதிலருந்து காலேஜ்லயே கோர்ஸ் நடத்தறாங்க, பாப்பா அதுல என்ன முடிச்சான்னு கேளுங்க, ஏற்கனவே ஏதாவது சர்ட்டிபிகேட் டிராயர்ல கெடக்கும்.

முடிச்சப்புறம் எனக்குப் பிடிச்சது ஐஐடி மெட்ராஸோட பிஎஸ் டேட்டா சயின்ஸ்ங்கற ஆன்லைன் டிகிரி, 2020ல ஆரம்பிச்சாங்க. ஜேஇஇ வேண்டாம். நாலு வாரம் பாடம் நடத்துவாங்க, மேத்ஸ், ஸ்டாட்டிஸ்டிக்ஸ், கம்ப்யூட்டேஷனல் திங்கிங், இங்கிலீஷ், அப்புறம் நேர்ல ஒரு தகுதித் தேர்வு, தேறினா உள்ள. மேத்ஸ் புள்ளைக்கு இது கை வந்த கலை. எடுக்கற பாடத்துக்கு மட்டும் அப்பப்ப பீஸ், வருமானம் கம்மியா இருந்தா சலுகையும் உண்டு, நடுவுல நிறுத்தினா டிப்ளமாவோட வெளிய வரலாம். 2022லருந்து யுஜிசி, அதாவது பல்கலைக்கழக மானியக் குழு, ஒரே நேரத்துல ரெண்டு டிகிரி படிக்க விட்டிருக்கு, அதனால எம்எஸ்சி போயிட்டே கூட இத இழுக்கலாம், ஆனா சொல்றேன், லேசில்ல. ஒண்ணு மட்டும் உஷார், ஐஐடினு பேர் போட்ட எல்லாமே இது இல்ல, மார்க்கெட்டிங் கம்பெனி வழியா விக்கற சர்ட்டிபிகேட் கோர்ஸ்லயும் அதே சின்னம் இருக்கும், அது டிகிரி இல்ல.

டிகிரினு யாராவது ஆன்லைன்ல வித்தா யுஜிசியோட தொலைதூரக் கல்விப் பிரிவு வெப்சைட்ல அந்த யுனிவர்சிட்டியும் அந்தப் படிப்பும் லிஸ்ட்ல இருக்கான்னு பாத்துருங்க. இருந்தா ரெகுலர் டிகிரிக்குச் சமம், இல்லேன்னா காயிதம். உங்க மச்சான் பையனுக்கு ஆன்லைன் பிடெக்னு கேட்டீங்க, அப்படி ஒண்ணு கெடையாதுண்ணா, இன்ஜினியரிங்க ஆன்லைன்ல நடத்த யுஜிசி விதி விடறதில்ல, நர்சிங், லா எல்லாம் அதே கதைதான்.

ஏஐ வந்துருச்சு, இனி இதெல்லாம் படிச்சு என்னாகப் போகுதுன்னும் கேட்டிருந்தீங்க. நியாயமான பயம். சாட்ஜிபிடி 2022 நவம்பர் கடைசில வந்துச்சு, அதுக்கப்புறம் எந்த அசைன்மென்ட்டும் அஞ்சு நிமிஷத்துல அதுவே போட்டுக் குடுக்குது, அதனால சர்ட்டிபிகேட்டுக்கு மதிப்பு கொறஞ்சுட்டே வருது, இன்டர்வியூல "இத நீயா பண்ண, ஏன் இப்படிப் பண்ண"னு தோண்டறாங்க. என்கிட்ட வர்ற ரெஸ்யூம் பத்துல ஏழுல ஒரே ப்ராஜக்ட், டைட்டானிக்ல யாரு பொழச்சாங்கன்னு கண்டுபிடிக்கறது. கேகிள்னு ஒரு சைட்ல பழகிக்கறதுக்காக வெச்சிருக்கற டேட்டா அது, 891 பயணிங்க, உலகம் பூரா எல்லாப் பசங்களும் அதையே போட்டு வெச்சிருக்காங்க, பாக்கறவனுக்கு கொட்டாவி வருது.

உங்க வீட்லயே அதவிட நல்ல டேட்டா இருக்குண்ணா. கூலிக் கணக்கு நோட்டு எத்தன வருஷத்துது இருக்கு? எந்தத் தறி எந்த நாள் எத்தன மீட்டர் ஓடுச்சு, பாவு எப்ப மாத்துனீங்க, எப்ப நின்னுச்சு, யாருக்கு எவ்ளோ கூலி, ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா வர்ற கரண்ட் பில், விசைத்தறிக்கு அரசு தர்ற இலவச யூனிட் போக எவ்ளோ கட்டுனீங்க. பாப்பா அத உக்காந்து எக்ஸல்ல ஏத்தட்டும், ஒரு மாசம் ஆகும், கண்ணு வலிக்கும், உங்க கையெழுத்து புரியாம பத்து தடவ கேப்பா, எரிஞ்சு விழாதீங்க. டேட்டா வேலைல பாதி இதான், அழுக்கு டேட்டாவ கழுவறது, எந்த விளம்பரத்துலயும் இத காட்ட மாட்டாங்க. அப்புறம் டேட்டால தேடி எடுக்கற எஸ்க்யூஎல்ல போட்டு, எந்தத் தறி அடிக்கடி நிக்குது, எந்த நூல்ல அதிகம் அறுந்துச்சு, எந்த மாசம் மீட்டருக்கு கரண்ட் செலவு ஏறுதுன்னு பாக்கட்டும், பவர் பிஐங்கற சாஃப்ட்வேர்ல படம் போடட்டும். ஏஐய வெச்சு கோட் எழுதிக்கட்டும், தப்பே இல்ல, ஆனா எட்டாம் நம்பர் தறி ஏன் நின்னுச்சுன்னு ஏஐக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும், உங்ககிட்ட கேட்டு அவளுக்குத் தெரியும். கோயமுத்தூர்லயோ சென்னைலயோ எவன் இன்டர்வியூ எடுத்தாலும் இதப் பத்தி அரை மணி நேரம் பேசலாம், நடுவுல உங்களுக்கு ரெண்டு தறியோட கோளாறு வெளிச்சமாச்சுன்னா அது லாபம்.

முதல் வேலை டேட்டா சயின்டிஸ்ட்னு கெடைக்காதுண்ணா, அத எதிர்பாக்காதீங்க. எம்ஐஎஸ் எக்ஸிகியூட்டிவ், ஜூனியர் அனலிஸ்ட்னு ஏதோ ஒரு பேர்ல எக்ஸல் வேலையா வரும், சம்பளம் சொந்தக்காரங்ககிட்ட சொல்லிப் பெருமைப்படற மாதிரி இருக்காது. போகட்டும். லேப்டாப் புதுசு வேண்டாம், நல்ல செகண்ட் ஹேண்ட் போதும், கனமான கோட் எல்லாம் கூகுள் கோலாப்ல பிரவுசர்லயே இலவசமா ஓடும், ஆனா போன்லயே படிச்சுக்கறேன்னா ஒத்துக்காதீங்க.

இன்னிக்கி ராத்திரி அவங்க போன் பண்ணா, ஒப்பந்தமும் லோன் விவரத்தாளும் அனுப்புங்க, ஒரு வாரம் கழிச்சு சொல்றேன்னு மட்டும் சொல்லுங்க, ஓடிபி மட்டும் எக்காரணம் கொண்டும் சொல்லாதீங்க, சில சமயம் அந்த ஓடிபிதான் கையெழுத்தே.

ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நான் ப்ரீதான். பதினோரு நிமிஷத்துல பாப்பாவுக்கு இந்த கோர்ஸ் பிடிச்சிருக்கான்னு நீங்க ஒரு எடத்துலயும் சொல்லல, அடுத்த வாய்ஸ் நோட்ட அவளையே அனுப்பச் சொல்லுங்கண்ணா.