காப்பி படம் எடுக்கற ஸ்டூடியோல பையனுக்கு முதல் வேலை, அனுப்பலாமா?

அக்கா, உங்க மெசேஜ ரெண்டு தடவ படிச்சேன். பையன் அனிமேஷன் படிச்சு முடிச்சு முதல் ஆஃபர் வந்திருக்கு, சரி என்ன படம் எடுத்திருக்காங்கன்னு தேடிப் பாத்தா எல்லாமே ஏற்கனவே சக்கப்போடு போட்ட குடும்பப் படங்களோட ஜாடை, போஸ்டர் கூட அதே மாதிரி, இதுல சேந்தா அவன் பேர் கெட்டுடுமோன்னு உங்களுக்கு பயம். போகட்டும்ங்கறது தான் என் பதில். ஆனா ஒரு வருஷம்னு மனசுல வச்சுக்கிட்டு, சில விஷயத்த முன்னாடியே கேட்டுக்கிட்டு போகணும்.

பெரிய படத்த பாத்து அதே ஜாடைல எடுக்கற இந்த மாதிரி படங்களுக்கு மாக்பஸ்டர்னு பேரு. 2007ல அமெரிக்காவோட பெரிய அனிமேஷன் ஸ்டூடியோ பிக்சார் 'ரட்டட்டூயி' எடுத்தாங்க, ஒரு எலி சமையல்காரனாகற கதை, சுமார் 15 கோடி டாலர் செலவு. அதே வருஷம் பிரேசில்ல வீடியோ பிரின்கேடோன்னு ஒரு கம்பெனி 'ரட்டட்டோயிங்'னு ஒரு படம் விட்டாங்க, அதுலயும் எலி தான் சமைக்குது. அதுக்கு முந்தின வருஷம் பிக்சாரோட 'கார்ஸ்' வந்தப்ப இந்த பிரேசில் கம்பெனி கிட்டருந்து குட்டிக் கார்கள் படம் வந்துச்சு. ஜெர்மனில டிங்கோ பிக்சர்ஸ் 1990கள்லயே இந்த வழில போனவங்க. பெரிய ஸ்டூடியோ கோடிக்கணக்குல விளம்பரம் பண்ணும், அந்த சூட்டுலயே இவங்க டிவிடியும் வித்துடும், பேரப்புள்ளைக்கு வாங்கற தாத்தா பாட்டி அட்டைய மட்டும் பாத்து எடுத்துட்டுப் போயிடுவாங்க. இப்ப டிவிடி அட்டை இருந்த எடத்துல ஆன்லைன்ல படத்துக்கு முன்னாடி தெரியற குட்டிப் படம், தம்ப்நெயில் இருக்கு, அவ்வளவு தான் வித்தியாசம்.

உங்க பையனுக்கு இதுல எது முக்கியம்னா டெட்லைன். அசல் படம் தியேட்டர்ல இருக்கறப்பவே இவங்க படமும் வெளிய வந்தாகணும், அதனால வேலைய எப்ப முடிக்கணும்ங்கறத இவங்க முடிவு பண்றதில்ல, இன்னொருத்தன் ரிலீஸ் தேதி முடிவு பண்ணுது. பெரிய படத்துல ஒரு அனிமேட்டர் ஒரு வாரம் முழுக்க உக்காந்தா முடியறது சில செகண்ட் தான், முக்கியமான போஸ்கள மட்டும் போட்ட பிளாக்கிங்க காட்டி, டைரக்டர் திருத்தி, மறுபடி போட்டு, மறுபடி திருத்தி அப்படியே போகும். இங்க அவ்வளவு நேரம் கிடையாது, பழைய படத்து மாடலையே வேற கலர் அடிச்சு உபயோகிப்பாங்க, ஒரே நடைய பத்து கேரக்டருக்கு போடுவாங்க. அந்தப் படங்கள் மோசமா இருக்கறதுக்கு அங்க வேலை செய்யறவங்களுக்கு திறமை இல்லன்னு அர்த்தம் இல்ல அக்கா, திருத்தறதுக்கு நாள் இல்ல.

அதனால பையனுக்கு கை வேகம் வரும், ரிக்கிங் (கேரக்டர அசைக்க உள்ள எலும்பு மாதிரி போடறது), லைட்டிங், கேமரா, ரெண்டர் (கடைசிப் படமா கம்ப்யூட்டர்ல எடுக்கறது)னு எல்லாத்துலயும் கை வைக்க விடுவாங்க, பெரிய எடத்துல முதல் வருஷத்துல இது நடக்காது. ஆனா "இது சரியில்ல, திரும்பப் பண்ணு"ன்னு சொல்ல ஆள் இருக்கமாட்டாங்க. நான் ரொம்ப கவலைப்படறது இதுக்குத் தான். என்கிட்ட வந்த ஒரு பொண்ணு இப்படி ஒரு எடத்துல மூணு வருஷம் இருந்துட்டு ரீல், அதாவது வேலை கேக்க தன்னோட ஷாட்டுகள கோத்து வைக்கற வீடியோ, கொண்டு வந்து காட்டினா, முதல் வருஷ ஷாட்டுக்கும் மூணாவது வருஷ ஷாட்டுக்கும் வித்தியாசமே தெரியல, அவ்வளவு உழைச்ச பொண்ணு, எனக்கு சொல்ல வாயே வரல. அதனால மாசம் ஒரு ஷாட்டாவது ஆபீஸ்ல அவசரத்துல பண்ணத வீட்ல புதுசா, சொந்த கேரக்டர் வச்சு நிதானமா பண்ணி, சீனியர் யார்கிட்டயாவது காட்டி திட்டு வாங்கட்டும்.

சட்டப் பிரச்சனை வருமான்னு கேட்டீங்க. எலி சமைக்குதுங்கற ஐடியாவுக்கு யாரும் சொந்தம் கொண்டாட முடியாது, பழைய தேவதைக் கதைகளும் எல்லாருக்கும் பொது. ஆனா கேரக்டரோட உருவத்தையே எடுத்துக்கிட்டா அது வேற. சீனாவுல 2015ல 'தி ஆட்டோபாட்ஸ்'னு ஒரு படம் வந்துச்சு, 'கார்ஸ்' கேரக்டர்கள் மாதிரியே இருக்குன்னு பிக்சாரும் அதோட தாய்க் கம்பெனி டிஸ்னியும் கேஸ் போட்டாங்க, 2016 கடைசில ஷாங்காய் கோர்ட் 13.5 லட்சம் யுவானுக்கு மேல கட்டச் சொல்லுச்சு. பணம் கட்டினது கம்பெனிங்க தான், அதனால உங்க பையன் பேர்ல கேஸ் வந்துடும்னு தூக்கத்த கெடுத்துக்காதீங்க. ஆனா அசல் படத்து ஃப்ரேம கீழ வச்சு டிரேஸ் பண்ணச் சொன்னாங்கன்னா அவன் அங்கருந்து கெளம்பிடணும், அதுல நான் உறுதியா இருக்கேன், ஏன்னா அந்த ஷாட்ட எந்த ரீல்லயும் போட முடியாது, போட்டா பாக்கறவங்களுக்கு ஒரு நொடில தெரிஞ்சுடும்.

இன்னொன்னு, சின்ன பட்ஜெட்டுன்னாலே காப்பின்னு நீங்க எழுதியிருந்தீங்க, அது அப்படி இல்ல. 2025ல ஆஸ்கர் வாங்கின அனிமேஷன் படம் 'ஃப்ளோ', லாட்வியாவச் சேந்த கின்ட்ஸ் ஸில்பலோடிஸ் எடுத்தது, காசே கொடுக்காம யார் வேணா டவுன்லோட் பண்ணிக்கற பிளெண்டர்ங்கற அனிமேஷன் சாஃப்ட்வேர்ல பண்ணது, செலவு சுமார் 35 லட்சம் யூரோ, பெரிய ஸ்டூடியோ படத்தோட ஒப்பிட்டா ரொம்ப ரொம்ப கம்மி. அதுக்கு முன்னாடி அவர் 2019ல 'அவே'ன்னு ஒரு முழு நீளப் படத்த தனி ஆளா பண்ணியிருக்காரு. பையன்கிட்ட இத சொல்லுங்க, அவனுக்கு பிளெண்டர் தெரியும்னு வேற சொன்னீங்க.

சேர்றதுக்கு முன்னாடி அவன் கேக்க வேண்டியது, எந்த டிபார்ட்மென்ட், படத்துல பேர் வருமா, இத்தனை வருஷம் விட்டுப் போகக்கூடாதுன்னு பாண்ட் இருக்கா, முக்கியமா படம் வெளிவந்ததும் தன்னோட ஷாட்ட ரீல்ல போட்டுக்கலாமா. கடைசிய வாயால சொன்னா போதாது, மெயில்ல எழுதி வாங்கணும். ரீலுக்கு ஒத்துக்கலன்னா சம்பளம் எவ்வளவு சொன்னாலும் வேண்டாம் அக்கா, ஒரு வருஷம் கழிச்சு வெறுங்கையோட நிப்பான்.

அவன் காலேஜ்ல பண்ண வாக் சைக்கிள் (கேரக்டர் நடக்கறது), லிப் சிங்க் (பேச்சுக்கு ஏத்த வாயசைவு) எதாவது இருந்தா அனுப்பச் சொல்லுங்க, பாத்துட்டு அங்க எந்த டிபார்ட்மென்ட் கேட்டு வாங்கறதுன்னு அவன்கிட்டயே பேசறேன்.