நிலத்தை விற்காதீர்கள், மகள் கேட்கும் கேள்விகளைக் கவனியுங்கள்

அன்புள்ள ஐயா,

மகளின் கட்-ஆஃப் குறைந்துவிட்டது, மைத்துனர் மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் இடம் பேசி வைத்திருக்கிறார், அதற்காக ஒன்றரை ஏக்கரை விற்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் தவிப்பு புரிகிறது. ஆனால் விற்கக் கூடாது. மாட்டுக்குத் தீவனமும் வீட்டுக்குச் சோறும் தருகிற நிலம் அது. புரோகிராம் எழுதுவதில் மனம் ஒட்டவில்லை என்று மகளே சொன்ன பிறகு, அந்தப் பட்டத்துக்கு அதை விலையாகக் கொடுப்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. நிலம் போன பிறகு சொந்தக்காரர்கள் யாரும் கைகொடுக்க வரப்போவதில்லை.

நர்சிங், பி.எட்., வங்கித் தேர்வு எல்லாம் உங்களுக்கே தெரிந்தவை. போகிற போக்கில் நீங்கள் எழுதிய ஒரு செய்திதான் என்னை நிறுத்தியது. பால் சங்கக் கணக்கும் உங்கள் அட்டையும் ஒத்துப்போகாதபோது, மகள் செயலாளரிடமும் பால் ஊற்றுபவர்களிடமும் தனித்தனியே விசாரித்து, சாயங்காலப் பால் மறுநாள் தேதியில் ஏறுவதைக் கண்டுபிடித்தாள் அல்லவா? மென்பொருள் துறையில் இதற்கென்றே ஒரு வேலை இருக்கிறது. ஒரு மென்பொருள் யாருக்கு என்ன செய்ய வேண்டும் என்று கேட்டறிந்து எழுதிவைப்பது; தேவைப் பொறியியல் என்பார்கள். பதவியின் பெயர் பெரும்பாலும் பிசினஸ் அனலிஸ்ட்.

அதே சங்கத்துக்கு ஒரு மென்பொருள் செய்வதாக வைத்துக்கொள்ளுங்கள். "ரசீது சீக்கிரம் வர வேண்டும்" என்பார் செயலாளர். சீக்கிரம் என்றால் எவ்வளவு? எடையும் கொழுப்பும் பதிவான 5 விநாடிக்குள் என்று எழுதினால்தான் பிறகு சோதித்துப் பார்க்க முடியும். மின்சாரம் போனால்? ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தால்? ஏறிய அளவைத் திருத்தும் உரிமை யாருக்கு? பால் ஊற்றுபவர் கேட்பது ஒன்று, தணிக்கைக்கு வருபவர் கேட்பது வேறொன்று. முரண்படும் இடத்தில் எல்லோரையும் உட்காரவைத்துப் பேசி முடிக்க வேண்டும். முடிவானதை எழுதி, அவர்களிடமே காட்டிச் சரிபார்த்து, பின்னால் மாறுவதையும் தேதியோடு பதிந்துவைக்க வேண்டும். இந்த எழுத்துவேலைக்கு ஐஎஸ்ஓ 29148 என்று சர்வதேசத் தரநிலையே உண்டு.

இது சில்லறை வேலை என்று மைத்துனர் சொன்னால், லண்டனைச் சொல்லுங்கள். 1992 அக்டோபர் 26 அன்று அந்நகரின் ஆம்புலன்ஸ் சேவை, அழைப்புகளுக்கு வண்டி அனுப்பும் புதிய கணினி அமைப்புக்கு மாறியது. வண்டிகள் எங்கே நிற்கின்றன என்ற தகவல் ஏறக்குறையப் பிழையே இல்லாமல் வரும் என்று நம்பி அதைக் கட்டியிருந்தார்கள். வண்டியில் போகிறவர்களையும் கட்டுப்பாட்டு அறை ஊழியர்களையும் போதிய அளவு கலந்துகொள்ளவில்லை. அழைப்புகள் குவிந்தன, மறுநாளே பாதி வேலையைக் கைமுறைக்குத் திருப்ப வேண்டியதாயிற்று.

அரசு கலைக் கல்லூரியில் பி.சி.ஏ. போதும். அரசுப் பள்ளியிலேயே படித்தவள் என்பதால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய்க்கும் விண்ணப்பிக்கலாம். என்பிடெல் என்ற இணையதளத்தில் ஐஐடி பேராசிரியர்களின் மென்பொருள் பொறியியல் பாடங்களை இலவசமாகவே கேட்கலாம். கடைசி ஆண்டில், தேவைப் பொறியியலுக்குச் சான்றிதழ்த் தேர்வு வைத்திருக்கும் ஐஆர்இபி என்ற சர்வதேச அமைப்பின் அடிப்படை நிலைத் தேர்வைப் பற்றி யோசிக்கலாம்; அதை எழுத வேலை அனுபவம் கேட்பதில்லை. அதுவரை எந்தப் பயிற்சி மையத்துக்கும் பணம் கட்டாதீர்கள்.

ஒன்றை மறைக்க மாட்டேன். படித்து முடித்தவுடன் இந்தப் பதவி கிடைப்பது அரிது. மென்பொருளைச் சோதிக்கும் வேலையிலோ வாடிக்கையாளர் உதவிப் பிரிவிலோ சில ஆண்டுகள் இருந்துதான் மேலே வர வேண்டும். ஆங்கிலத்தில் பிழையின்றி எழுதவும் பழக வேண்டும்; அதை இன்றே தொடங்கச் சொல்லுங்கள்.

நிலத்துக்கு இன்னும் முன்பணம் வாங்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். வாங்காதீர்கள். அரசுக் கல்லூரி விண்ணப்பத்தை மகளோடு உட்கார்ந்து இந்த வாரமே நிரப்பிவிடுங்கள்.