எங்கள் ஊர்ச் சாலை எந்த வகையில் சேரும்?

கே: எங்கள் ஊர் வழியாக பஸ் ஓடுகிறது. அம்முண்டி சர்க்கரை ஆலைக்குக் கரும்பு டிராக்டர்களும் போகின்றன. இருந்தும் இது ஊராட்சி ஒன்றியம் பராமரிக்கும் ஒன்றியச் சாலையாகவே இருக்கிறது. ‘வண்டி அதிகம், தரம் உயர்த்துங்கள்’ என்று மனு கொடுத்தால் போதுமா?
– ஒரு வாசகர், காட்பாடி ஒன்றியம்

ப: போதாது. சாலை எவ்வளவு அகலம் வேண்டும் என்பதைத்தான் வண்டிக் கணக்கு சொல்லும். எந்த வகை என்பதை, அது எதை எதோடு இணைக்கிறது என்பதே முடிவு செய்யும். நாட்டின் சாலைகளுக்காக வகுத்த 1943 நாகபுரித் திட்டத்திலிருந்து வரும் வரிசை இது: தேசிய நெடுஞ்சாலை, மாநில நெடுஞ்சாலை, மாவட்ட முக்கியச் சாலை, மாவட்ட இதர சாலை, கிராமச் சாலை. விளைச்சல் பகுதியைச் சந்தையோடோ, தாலுகா தலைமையிடத்தோடோ, பெரிய சாலையோடோ சேர்ப்பது இதர சாலை. ஊரை ஊரோடும் பக்கத்துச் சாலையோடும் சேர்ப்பது கிராமச் சாலை.

ஒன்றிய வரைபடத்தில் உங்கள் சாலையைக் கையால் மறைத்துப் பாருங்கள். எத்தனை ஊர்க்காரர்கள் சுற்றிப் போக வேண்டும்? எத்தனை கிலோமீட்டர்? ஆரம்ப சுகாதார நிலையம், மேல்நிலைப் பள்ளி, சந்தை, ஆலை இவற்றில் எதற்கான வழி அடைபடுகிறது? இந்த விடைகளை ஒரு பக்கத்தில் எழுதினாலே மனுவில் பாதி முடிந்தது. சாலையின் இரு முனையும் பெரிய சாலையில் முடிந்தால் வாதத்துக்கு வலு உண்டு. ஒரு முனை ஊருக்குள்ளேயே நின்றுவிட்டால் வண்டி எவ்வளவு ஓடினாலும் அது கிராமச் சாலைதான்.

பல மனுக்கள் தடுக்கி விழுவது நிலத்தில். சாலைகளுக்குத் தர அளவு வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸின் அளவுப்படி, திறந்த வெளியில் இதர சாலைக்கு 15 மீட்டர் நிலம் வேண்டும், கிராமச் சாலைக்கு 12. தார் போட்ட அகலத்தை அளந்துவிட்டு இருக்கிறது என்று சொல்லக் கூடாது. கிராம நிர்வாக அலுவலரிடம் ‘அ’ பதிவேட்டையும் (நில விவரப் பதிவேடு) புலப்படத்தையும் (நில அளவை வரைபடம்) பார்த்து, சாலைப் புறம்போக்கு எங்கே குறுகுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு ஒன்றியக் குழுத் தீர்மானத்துக்கும் நெடுஞ்சாலைக் கோட்டப் பொறியாளரிடமும் போகலாம்.

இன்னொன்று. 2019-ல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்ததால், திருவலம் பக்கம் சில சாலைகள் வேலூரில் தொடங்கி ராணிப்பேட்டையில் முடியும். எல்லைக்கு இந்தப் பக்கம் ஒரு வகை, அந்தப் பக்கம் வேறு வகை என்று ஒரே சாலையை அறுத்துப் போட்டால் பராமரிப்பும் அங்கேயே அறுந்துவிடும். முழு நீளத்துக்கும் சேர்த்துக் கேளுங்கள்.

கே: வண்டிகளை நாங்களே எண்ணலாமா?
– ஒரு வாசகி, அணைக்கட்டு

ப: தாராளமாக. தொடர்ந்து 7 நாள், 24 மணி நேரமும், ஆண்டுக்கு இரண்டு முறை: அறுவடை மும்முரத்தில் ஒன்று, மந்த காலத்தில் ஒன்று. இதுதான் விதி. வாரம் முழுக்க எண்ணுவதற்குக் காரணம் உண்டு. பொய்கை மாட்டுச்சந்தை கூடும் செவ்வாய்க்கிழமை மட்டும் எண்ணினால் கணக்கு ஊதிப்போகும், ஞாயிறு மட்டும் எண்ணினால் வற்றிப்போகும்.

எல்லா வண்டியும் சமமில்லை; ஒரு காரை ஓர் அலகாக வைத்து மற்றதைக் கணக்கிடுவார்கள். காரும் ஆட்டோவும் 1, டூவீலர் 0.5, சிறிய சரக்கு வண்டி 1.5, பஸ், லாரி 3, டிரெய்லர் பூட்டிய டிராக்டர் 4.5, மாட்டு வண்டி 8. கரும்பு டிராக்டர் ஒன்று ஒன்பது டூவீலருக்குச் சமம்.

ஒரு நாள் கணக்கு இப்படி இருக்கட்டும்: டூவீலர் 1,200, கார், ஆட்டோ 150, சரக்கு வண்டி 50, பஸ் 40, டிராக்டர் 60. மொத்தம் 1,215 அலகு. 3.75 மீட்டர் ஒற்றைத் தடச் சாலை, ஓரம் நன்றாக இருந்தால், சமவெளியில் நாளுக்கு 2,000 அலகு வரை தாங்கும். ஆகவே இங்கே அகலம் கேட்பதில் நியாயம் குறைவு. 5.5 மீட்டருக்கு 6,000, 7 மீட்டருக்கு 15,000. ஆனால் ‘ஓரம் நன்றாக இருந்தால்’ என்பதை மறக்க வேண்டாம். மழையில் ஓரம் கரைந்து அரையடி பள்ளமானால் எதிரெதிர் வண்டிகள் ஒதுங்க இடமிருக்காது. பெரும்பாலும் முதலில் கேட்க வேண்டியது கிராவல் ஓரம்தான்.

கே: எங்கள் குடியிருப்புத் தெருவில் குறுக்கு வழியாக வண்டிகள் பாய்கின்றன. பிரதான சாலையாக அறிவித்தால் நல்லதுதானே?
– ஒரு வாசகர், காந்தி நகர், காட்பாடி

ப: அது வினையை விலைக்கு வாங்குவது. குடியிருப்புத் தெருவின் வேலை வாசலுக்குக் கொண்டுபோய் விடுவது. அறிவித்துவிட்டால் கடை வரும், வேகம் வரும், பிறகு திரும்பாது. முதலில் உறுதிப்படுத்துங்கள்: தெருவின் இரு முனையிலும் ஆளுக்கொருவர் நின்று, காலை 8 முதல் 10 வரை வண்டி எண்ணின் கடைசி நான்கு இலக்கத்தையும் நேரத்தையும் எழுதுங்கள். இரண்டு மூன்று நிமிடத்துக்குள் இரு பட்டியலிலும் வரும் வண்டி, தெருவில் வேலை இல்லாத வண்டி. அதுவே பாதிக்கு மேல் என்றால், பக்கத்துப் பெரிய சந்திப்பில் சிக்னலையோ திருப்பத்தையோ சரிசெய்யச் சொல்லி மாநகராட்சியிடம் கேட்பதுதான் வழி.

கே: அமெரிக்கக் கவுண்டிகளில் (நம் மாவட்டம் போன்றவை) சாலைகளை வகைப்படுத்த வேறு முறையாமே?
– ஒரு வாசகர், ஆற்காடு

ப: அங்கே சாலை யாருக்குச் சொந்தம் என்பதை விட்டுவிட்டு அது செய்யும் வேலையைப் பார்த்து மூன்றாகப் பிரிப்பார்கள்: தொலைதூர ஓட்டத்துக்கான பிரதான சாலை, திரட்டிச் சேர்க்கும் இணைப்புச் சாலை, வீட்டு வாசல் சாலை. கிராமப்புறத்தில் இணைப்புச் சாலையிலும் பெரியது, சிறியது உண்டு. மத்திய அரசுப் பணம் பொதுவாகப் பெரியது வரைதான் இறங்கும் என்பதால், தரம் உயர்த்தச் சொல்லி அங்கேயும் மனு போடுகிறார்கள்.